வாளிக்குள் உறைந்த பால்

பாலோ என்ற ஊர்ப் பக்கத் தோட்டத்தில் நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், அந்தப் பால் உறையவும் வேண்டும், உறையாமலும் இருக்க வேண்டும். மரத்தில் போட்ட வெட்டின் மேல் அது தானாக உறைந்து ரிப்பன் மாதிரி ஒட்டிக்கொண்டால்தான் ஒழுக்கு நிற்கும். வாளியில் உறைந்துவிட்டால் அன்றைய பாடு பாழ். அதற்காக வாளியில் சில சொட்டு அமோனியா விடுவோம். அந்த நெடி மூக்கில் ஏறும். "ஒன் கொழம்ப விட இது தேவலடி" என்பார் என் வீட்டுக்காரர். அந்த நெடி இப்போது கிடைத்தாலும் நின்று முகர்ந்து பார்ப்பேன்.

போன வருஷம் என் கால் வீங்கியது. கிளினிக்கில் டாக்டர் பெண் விளக்கினாள்.

"காயம் பட்டா ரத்தத்துல உள்ள குட்டித் துணுக்குங்க ஓடி வந்து ஒட்டிக்கும் பாட்டி. அப்புறம் நூல் நூலா வலை பின்னி ஓட்டைய அடைச்சிரும். ஒங்களுக்குக் காயமே இல்லாம ரத்தக் கொழாய்க்குள்ளயே அடைச்சிருக்கு."

"வாளியிலயே உறைஞ்சு போச்சுன்னு சொல்லு" என்று தோட்டத்துக் கதையைச் சொன்னேன்.

சிரித்தாள். "அப்ப இந்த மாத்திரதான் ஒங்க அமோனியா. ஆனா வெட்டுப் பட்டா ரத்தம் நிக்க நேரமாகும். துணிய எடுத்து எடுத்துப் பாக்காம அழுத்திப் பிடிங்க."

ஸ்கூடாயில் இருக்கும் மகளுக்கு அது போதும். தனியாக இருக்காதீர்கள், எங்களோடு வந்துவிடுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. நானும் அவரும் கட்டிய வீட்டை விட்டு நான் எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தபோதே, சேனைக்கிழங்கு நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். துணி நனைந்து சிவந்தது.

"அலமாக்! இன்னிக்கே கெளம்புறீங்க ம்மா." பையை எடுத்து என் சேலைகளைத் திணிக்கத் தொடங்கினாள்.

"ரத்தம் நிக்கலைன்னா வரேன். நின்னுட்டா பேசாத."

கையை உயர்த்தி அழுத்திப் பிடித்து உட்கார்ந்தேன். முன்பு பால் வெட்டும் கத்தி என் காலைக் கிழித்தபோது, அவர் மரத்தடியில் உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தால் என் தலையில் குட்டுவார். பேச்சுக் கொடுத்துக் கொடுத்தே வலியை மறக்கடித்தார். அதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். "அப்பா குட்டுவாரா?" என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் துணியின் மேல் கை வைத்து அழுத்தினாள்.

வெகுநேரம் கழித்துத் துணியை விலக்கினோம். வெட்டின் மேல் கருஞ்சிவப்பாக உறைந்திருந்தது.

"நின்னுருச்சு லா" என்றாள், ஏமாந்தவள் போல. சேலைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"காலைல போன் எடுக்கலைன்னா மத்தியானம் காடிய ஓட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பேன், சொல்லிட்டேன்."

"வர்றப்ப சேனைய நறுக்கிக் கொண்டா" என்றேன்.