அவசரமும் கொதி அடங்காத செம்பும்

அவசரம் பிறந்ததே ஏழாம் மாதத்தில். ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் நாள் கணக்குப்படி வெளியே வர, இவருக்கு மட்டும் உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம் நாற்பத்தாறு வயதாகியும் நிற்கவில்லை. வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு பாதித் தெரு போன பிறகுதான் குனிந்து பார்ப்பார். எதிராளி பேச ஆரம்பித்தால் மிச்சத்தை இவரே பேசி, பதிலையும் இவரே சொல்லி, கிளம்பியும் விடுவார். பெண் கேட்டுப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "கொஞ்சம் யோசிச்சு..." என்று இழுத்தபோது, "யோசிச்சாச்சு மாமா, சம்மதம்" என்று முந்திக்கொண்டவர். அந்தப் பெண்தான் இவர் மனைவி. இவர் வேலை பார்க்கும் ஆலையிலேயே பரிசோதனை அறையில் இருக்கிறாள். "நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் அவசரம்தான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்ததோ காத்திருக்கிற வேலை.

நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய். உள்ளே கிராஃபைட் குடுவை, குடுவை நிறையச் செம்புத் துண்டுகள். மூடியை இறக்கி, பம்பைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு குடுவையைச் சுற்றியிருக்கும் சுருளில் மின்சாரம் விட்டால், தீ என்ற பேச்சே இல்லாமல் செம்பு உருகும். காற்றில்லாத இடத்தில் உருகினால், செம்புக்குள் ஒளிந்திருந்த வாயு குமிழி குமிழியாகக் கிளம்பி வரும். ஈயம், துத்தநாகம் என்று கூடவே ஒட்டிக்கொண்டு வந்த அழையா விருந்தாளிகள் ஆவியாகிப் போய்க் குளிர்ந்த சுவரில் படிவார்கள். இதையெல்லாம் மூடியிலுள்ள உள்ளங்கை அளவு கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே நிற்க வேண்டும். குமிழி ஓய்ந்த பிறகுதான் குடுவையைச் சாய்த்து, பீப்பாய்க்குள்ளேயே இருக்கும் அச்சில் ஊற்றலாம். முந்தி ஊற்றினால் வார்ப்புக்குள் பொத்தல் பொத்தலாக விழும். பெரிய பெரிய மின்சார ஸ்விட்சுகளுக்குள் போகிற செம்பு அது. வாயு மிச்சமிருந்தால் என்றைக்காவது யார் முகத்திலாவது வெடிக்கும்.

அந்தக் கண்ணாடி முன்னால் மட்டும் அவசரம் அசைய மாட்டார். ஒரு கண்ணை மூடி, கையைப் பின்னால் கட்டி, நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பார். ஒருமுறை மாதிரித் துண்டு வாங்க வந்த மனைவி அதைப் பார்த்து வந்த வேலையையே மறந்துவிட்டாள்.

"வீட்டுல அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டீங்க. இங்க மட்டும் என்னவாம்?"

"உள்ள ஒருத்தன் என்னைவிடப் பறக்கிறான். அவன் அடங்குறதப் பாத்தா எனக்கும் அடங்குது" என்றார், கண்ணை எடுக்காமல்.

கிண்டல் பண்ணாமல் அவள் திரும்பிப் போனது அன்றைக்கு ஒருநாள்தான்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. வரிசையாக மூன்று வார்ப்பு கெட்டுப்போயிருந்தது. அறுத்துப் பார்த்தால் மூன்றிலும் பொத்தல். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள், இறங்க வேண்டிய கோட்டுக்குச் சற்று மேலேயே முரண்டுபிடித்து நின்றது. குமிழியும் ஓய்கிற மாதிரி ஓய்ந்து, மறுபடி ஒன்றிரண்டு எழும்பும். அவசரம் இரண்டு மணி நேரம் நின்று, கால் மரத்து, இதற்குமேல் அடங்காது என்று ஆன பிறகுதான் ஊற்றியிருந்தார். யார் நம்புவார்கள்?

மேலாளருக்கு மண்டையில் ஒரு முடி கிடையாது. முதுகுக்குப் பின்னால் முழுநிலா என்று பெயர். "நீ ரெண்டு மணி நேரம் நின்ன? நீ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நாலாவதும் போச்சுன்னா உலையை வேற ஆள் பாப்பான். நீ பேக்கிங் ஹாலுக்குப் போ. அங்க வேகமா ஒட்டுற ஆள்தான் வேணும்."

அவசரத்துக்குத் தூக்கம் போயிற்று. பம்புக்கு எண்ணெய் மாற்றினார். குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். மூடிக்கும் பீப்பாய்க்கும் நடுவே காற்றுப் புகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. தினமும் அவர் கையாலேயே துடைக்கிற வளையம். தான் துடைத்ததைத் தானே யாராவது சந்தேகப்படுவார்களா? துடைத்துவிட்டு, 'வேறென்ன கோளாறு?' என்று அதன் மேலேயே குனிந்து நின்று தலையைச் சொறிவார். பிறகு மூடியை இறக்குவார்.

நாலாவது வார்ப்புக்குச் செம்பை நிரப்பி, மூடியை இறக்கி, பம்பைப் போட்ட நாள் அது. மதியம்வரை முள் அதே இடத்தில் நின்றது. பம்பு பார்க்கும் ஆளுக்குக் கொட்டாவி என்று பெயர். "நீங்க போய்ச் சாப்பிடுங்கண்ணே. முறைச்சா முள்ளு இறங்குமா?" என்று அவரை விரட்டிவிட்டார்.

கேண்டீனில் மனைவி எதிரே உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிடுவதற்குள் நாலு தடவை எழுந்தார். கை தலையிலேயே இருந்தது.

"கையை எடுங்க. என் தட்டுல முடி கொட்டுது."

"பேக்கிங்ல நிக்க வச்சா நான்..."

"ரெண்டாவது முடி. ஒரு வாரமா இதே கதை. தலகாணி, பாத்ரூம், போற இடமெல்லாம் உங்க முடிதான்."

அவசரம் அந்தத் தட்டைப் பார்த்தார். விளிம்பில் பாதி நரைத்த முடி ஒன்று வளைந்து கிடந்தது. வாயிலிருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்து ஓடினார். கையைக்கூடக் கழுவவில்லை. உலைக்குத்தான் ஓடுகிறார் என்று மனைவி நினைத்தாள். அவர் வாசல் கேட்டைத் தாண்டினார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தவரைக் காவலாளி உள்ளே விட மறுத்தார். முழு மொட்டை. காதோரம் சோப்பு நுரைகூடக் காயவில்லை. குரலைக் கேட்ட பிறகுதான் வழிவிட்டார்.

பம்பை நிறுத்தி, மெதுவாகக் காற்றை உள்ளே விட்டு, மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். ரப்பர் வளையத்தின் குறுக்கே இரண்டு முடி. அத்தனை கனத்த மூடிக்கு அடியிலும் அந்த முடி நசுங்காமல் காற்றுக்கு வழிவிட்டிருந்தது.

"அண்ணே, முள்ளு... ஐயோ, முடி எங்க?" என்றார் கொட்டாவி. அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு முழுசாக விழிப்புத் தட்டியிருந்தது.

"இங்க இருக்கு பாரு" என்று இரண்டையும் எடுத்துக் காட்டினார் அவசரம்.

துடைத்து மூடி, மறுபடி பம்பைப் போட்டார்கள். முள் கடகடவென்று இறங்கி, கோட்டைத் தாண்டிக் கீழே போனது. அந்த நேரம் பார்த்து முழுநிலா வந்து சேர்ந்தார். மொட்டையைப் பார்த்ததும் காதுவரை சிவந்துவிட்டார்.

"என்னையவே கிண்டல் பண்றியா நீ?"

"ஐயோ, இல்ல சார். மூணு வார்ப்பையும் கெடுத்தது நான்தான். என் முடிதான். முதல் தடவை எப்படியோ ஒண்ணு விழுந்திருக்கு. அப்புறம் பயத்துல சொறிஞ்சேன், சொறியச் சொறியக் கொட்டிருக்கு." நடந்ததை ஒன்றுவிடாமல் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். கேட்டுவிட்டு முழுநிலா அந்த இரண்டு முடியையும் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஒரு தொப்பி போட்டிருந்தாப் போதாதா?"

அவசரம் மண்டையைத் தடவிப் பார்த்தார். அந்த யோசனை அப்போதுதான் அவருக்கும் வந்து சேர்ந்தது.

மின்சாரத்தை விட்டார்கள். செம்பு சிவந்தது, சரிந்தது, உருகிப் புரண்டது. குமிழிகள் கூட்டம் கூட்டமாக எழும்பின. முழுநிலாவுக்கு நிலைகொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "ஓஞ்சிருச்சுல்ல? ஊத்து" என்றார்.

"இல்ல சார்."

பத்து நிமிஷம் போனது. "இப்போ?"

"ஓரத்துல ஒண்ணு வருது. பொறுங்க சார்."

அவசரம் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்ட கொட்டாவி, சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசிக் குமிழியும் போய், செம்பின் முகம் கண்ணாடியாக அசையாமல் நின்ற பிறகுதான் குடுவை சாய்ந்தது.

மறுநாள் காலை வார்ப்பை அறுத்தார்கள். பரிசோதனை அறை வாசலில் அவசரம் செருப்பைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். மனைவி அறுத்த வில்லையோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதுல வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"பொத்தலா? சரி விடு. பேக்கிங்தானே, போறேன். அங்கயும் மனுஷங்கதான்..."

"வாயை மூடுங்க. ஒண்ணுகூட இல்ல."

அவள் இப்போதுதான் அந்த மொட்டையைப் பகல் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தாள். உச்சியில் சவரக்கத்தி கீறிய கோடு ஒன்று இருந்தது. விரலால் அதைத் தொட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். முழுநிலா நின்றுகொண்டிருந்தார்.

அவர் வில்லையை வாங்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "மூணு வார்ப்பு உன் தலையாலதான் போச்சு. அது எழுத்துல இருக்கும்" என்றார். அவசரத்தின் முகம் வாடியது. முழுநிலா தன் தலையிலிருந்த துணித் தொப்பியைக் கழற்றி நீட்டினார். "வெயில் பட்டா இந்த மண்டை எப்படிச் சுடும்னு எனக்குத்தான் தெரியும். முடி வளந்த பிறகும் உலைகிட்ட இது உன் தலையை விட்டு..."

"இறங்காது சார்" என்றார் அவசரம். தொப்பியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, பாதி வழி போய்விட்டிருந்தார்.