திருவாதிரை மங்கிய மாதங்கள்

வெற்றிச்செல்விக்கு இருபத்திரண்டு வயதில் பெங்களூரில் நட்சத்திர ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டிய வாரத்தில் அவள் அப்பா அங்கமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லாத வீடு. சேர்க்கைக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஆலத்தியூரில் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சுண்ணாம்புக்கல் பொடியை வில்லையாக அழுத்தி எக்ஸ்ரே கருவிக்குள் வைப்பது வேலை. கால்சியம் எவ்வளவு என்று அது சொல்லும். அந்தக் கால்சியம் என்றோ செத்துப்போன நட்சத்திரங்களுக்குள் வெந்தது என்று உடன் வேலை பார்த்த நல்லதம்பியிடம் ஒருமுறை சொன்னாள். "அப்படிங்களா" என்றபடி அவர் அடுத்த வில்லையை நீட்டினார்.

பெரம்பலூரில் வாடகை வீடு. பொழுது சாய்ந்ததும் மாடிக்குப் போவாள். சில நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறையும். அதைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே கணித்து, பல நாட்டு ஆர்வலர்களும் பதிவிடும் இணையதளத்துக்கு அனுப்புவாள். பதினைந்து வருஷம் அப்படிப் போயிற்று.

2019 டிசம்பரில் ஒருநாள் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள்.

"என்னம்மா இவ்வளவு நேரம்?" என்றார் அங்கமுத்து.

"திருவாதிரை மங்கிப்போச்சுப்பா. ரோகிணியே அதைவிடப் பளிச்சுன்னு இருக்கு."

"ஒன் நட்சத்திரமில்ல அது? என்ன ஆச்சாம்?"

"அதுக்கு வயசாயிடுச்சு. ஒருநாள் வெடிக்கும். நாளைக்கும் வெடிக்கலாம், லட்சம் வருஷமும் ஆகலாம்."

"வெடிக்கணும்னு இருக்கா ஒனக்கு?"

அவளுக்கு அந்த ஆசை இருந்தது. வெடித்தால் பட்டப்பகலிலும் தெரியும். பெங்களூருக்குப் போக முடியாதவளின் மாடிக்கே அது வந்துவிடும்.

பிப்ரவரியில் இன்னும் மங்கியது. ஏப்ரலில், ஊரடங்கில் தெருவே அடங்கிக் கிடந்தபோது, பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. அந்த நட்சத்திரம் தன் உடம்பிலிருந்தே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதை மறைத்தது என்று அடுத்த ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். அவர்களுடைய கட்டுரையைச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முறை படித்தாள். அந்த வருஷமே அங்கமுத்து போய்ச் சேர்ந்தார்.

2023இல் பெங்களூரில் ஆர்வலர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. தேநீர் இடைவேளையில் ஜானகி என்ற இளம் ஆராய்ச்சியாளர் அவளுடைய பெயர் அட்டையைப் பார்த்து நின்றார்.

"பெரம்பலூர் வெற்றிச்செல்வி நீங்கதானா? திருவாதிரை மங்கின மாசங்களோட உங்க கணிப்பையெல்லாம் பயன்படுத்தியிருக்கேன். மேகமில்லாத ஒருநாளும் விடலையே நீங்க."

வெற்றிச்செல்வி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "நாப்பத்தியோரு வயசுல இங்க சேந்து படிக்க முடியுங்களா?"

"முடியும். ஆனா வேலையை விடணும். அஞ்சாறு வருஷம் ஆகும்."

விண்ணப்பம் போட்டாள். பதில் இன்னும் வரவில்லை. போட்ட விஷயத்தை நல்லதம்பியிடம் மட்டும் சொன்னாள்.

"கெடைச்சா போயிடுவீங்களா?"

"போயிடுவேன்."

இவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.