‘உறுதியில்லை’ என்று எழுதிய ஸ்டெல்லா

வியாழக்கிழமை காலை பேருந்தில் இருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தங்கை அழைத்தாள். “அக்கா போய்ட்டாங்க” என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். என் வீட்டுக்குத் திரும்புவதா, அபிராமபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் ராயப்பேட்டையில் ஒரே தெருவை இரண்டு முறை சுற்றினேன்.

அடையாறு அலுவலகத்தில் ஆறு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கணினிக்குப் பறவைகளை அடையாளம் காணப் பழக்க, அமெரிக்காவிலிருந்து வரும் பறவைப் படங்களுக்குப் பெயர் குறிப்பதுதான் வேலை. அந்தப் பறவைகளில் ஒன்றைக்கூட நாங்கள் நேரில் கண்டதில்லை. அக்கா பெங்களூரைத் தாண்டியதே இல்லை.

அங்கே ஒன்றுபோலவே தெரியும் இரண்டு மரங்கொத்தி இனங்கள் உண்டு, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டுமே கறுப்பு வெள்ளை. ஆணுக்குப் பின்தலையில் சிவப்புப் பொட்டு. ஒரு படத்தைப் பார்த்து, பெரியதாக இருக்கிறது, ஆகவே பெரிய இனம் என்று குறித்தேன். அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

“போட்டோல சைஸ் எப்டிடி தெரியும்? பக்கத்துல இன்னா, நம்ம தென்னமரமா நிக்குது? மூக்கப் பாரு. தலையில பாதி கூட இல்ல. இது சின்னது.”

அவருடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அவர் பொறுமைசாலி அல்ல. காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒரு படத்தை விட்டு அவசரமாக நகரமாட்டார்.

சண்டை வந்தது ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவைகளால். பச்சை கலந்த சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், இறக்கையில் இரண்டு கோடு. அவற்றில் பல இனங்கள் அச்சு அசலாக இப்படியே இருக்கும். குரலைக் கேட்டால்தான் பிரிக்க முடியும். படத்துக்கு ஏது குரல்? அக்கா எல்லாவற்றிலும் ‘உறுதியில்லை’ என்று எழுதினார்.

“கிளையன்ட்டுக்குப் பேர் வேணும்” என்றார் மேலாளர்.

“தெரியாத பேர எப்டி சார் எழுதறது?”

மேலாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க, இது என்ன?”

நான் ஒரு பெயரைச் சொன்னேன். எனக்கும் தெரியாதுதான். அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினார். மறுவாரம் அவரைப் பறவைகளிலிருந்து எடுத்து, தி.நகர் கடையொன்றின் புடவைப் படங்களுக்கு மாற்றிவிட்டார்கள். “இங்கயும் கரையப் பாத்துதான் சொல்றேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாதம் அவர் விட்டுப்போன ஈப்பிடிப்பான் படங்களுக்கு நானே ஊகித்துப் பெயர் போட்டேன். ஒருநாள் மதியம் அந்தப் படங்களைத் திறந்து, நான் போட்ட பெயர்களையெல்லாம் அழித்து ‘உறுதியில்லை’ என்று மாற்றினேன். பிறகு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். கத்தினார். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த பதில், இதுவே சரி என்றது. அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். அதற்குள் அவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் போயிருந்தார்.

அபிராமபுரம் வீட்டுக்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் துணி கட்டிப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நெஜமாவே தெரியும்னு நெனச்சியா, இல்ல பயமா?”

“பயம்க்கா.”

“பயம்னா சரி போ. தெரியாததத் தெரியும்னு நீயே நம்பிட்டியோன்னுதான் எனக்குக் கவல.”

அப்புறம் டீ போடச் சொன்னார், சர்க்கரை போதவில்லை என்று திட்டினார்.

இப்போதும் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒருநாளாவது அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அலைகிறது. ஆனாலும் அவர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பதில்தான். அதைக் கேட்க அவர் இருந்தார்.