எந்த மிஷன் போடட்டும்?

கேம் சென்டர் நடத்துகிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எதிரே வந்து நிற்கும் ஆளுக்கு எந்த மிஷன், அதாவது விளையாட்டில் எந்தக் கட்டம், ஒத்துவரும் என்பது தெரிந்தால் போதும். துணிக்கடையில் நூறு சேலையை விரித்துக் காட்டி, "வேற இருக்குதுங்களா?" என்று கேட்கப்பட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

இரண்டாயிரத்து மூன்றில் கொல்லிமலை செம்மேட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்சந்தில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தேன். அடிவாரத்தில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகு மண்டி. "மூட்டை தூக்க மாட்டேன், தராசு பிடிக்க மாட்டேன், என் தொழிலை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு மலை ஏறியவன் நான். அத்தா கோபப்படவில்லை. "தராசு இங்கேதான் இருக்கும், வரும்போது வா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்கவே முடியவில்லை. கடையை மூடிவிட்டு இறங்கிப்போய் அவர் முன்னால் நிற்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன்.

கடை கொடுத்தவர் பாவாயக்கா. மலையிலேயே வாழவந்தி நாடு என்ற பகுதியில் மிளகும் குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், போடுகிறவர். அவருடைய மிளகு வருஷா வருஷம் அத்தா மண்டிக்குத்தான் வரும். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஊருல ஒருத்தரு வந்து புகாருன்னு சொன்னாலும் சாவிய வாங்கிக்குவேனுங்க." நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

பலகை

என் கடையில் எல்லோரும் கேட்டது ஒரே சுடும் விளையாட்டைத்தான். இரண்டாம் உலகப் போர்க் கதை. பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. ஒன்றை ஆடிப் பழகுவதற்குள் சேலத்தில் அடுத்த சி.டி. வந்துவிடும். ஒவ்வொரு பாகத்திலும் இருபதுக்கு மேல் மிஷன். ஆளுக்கு அரை மணி நேரம்தான் தருவேன். அதிலும் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம். ஆரம்பத்தில் எல்லோரும் முதல் மிஷனிலிருந்து தொடங்கி, பாதியில் செத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

அதனால் எல்லாப் பாகங்களையும் நானே ஆடிப் பார்த்து, அரை மணிக்குள் முடிகிற மிஷன்களைப் பொறுக்கி, தமிழில் பெயர் வைத்து, கரும்பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன். கடற்கரை, பனி, ஜீப், டிப்போ, டாங்கி, காயம்பட்டவர். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அந்த வழியாகப் போன பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நின்று, பலகையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க பாய், இதுல இன்னிக்கு எதுங்க சூடா இருக்குது?"

ஜீப்

செல்வராசு அண்ணன் லாரி டிரைவர். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் தினமும் பலாவும் வாழையும் ஏற்றி இறங்குகிறவர். அவருக்கு மிஷன் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜீப்பேதான். பனிமலைப் பாதையில், எதிரி விரட்ட விரட்ட, ஜீப்பை ஓட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். மற்றவர்கள் நாலாவது வளைவில் பள்ளத்தில் விழுவார்கள். அண்ணன் ஒரு வளைவில்கூடத் தடுமாறவில்லை. உள்பக்கம் ஒட்டி, வேகம் குறைத்து, வெளியே வந்து, மறுபடி அழுத்தி. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பதினெட்டு நிமிஷ மிஷனைப் பன்னிரண்டில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

கடைசி இறக்கத்தில் எதிரே எதிரியின் லாரி ஏறி வந்தது. இடித்துத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அண்ணன் ஜீப்பைப் பாறையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். அவர் கையும் காலும் யாரையும் கேட்காமல் அதைச் செய்துவிட்டன. லாரி பக்கத்தில் வந்தது, அதிலிருந்தவன் சுட்டான், திரை சிவந்தது. அண்ணன் மவுஸைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்: "ஏறுற வண்டிக்கு வழி உட்டா, ஒரு கைய தூக்கிக் காட்டிட்டுப் போறதுதானுங்க மரியாதை? இவன் சுடறானுங்க பாய்!"

டிப்போ

பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர் ஒருவர். இவருக்குக் கடற்கரையைக் கொடுக்கலாம் என்று நான் எடுத்து வைக்க, அவர் பலகையைப் பார்த்து "டிப்போ" என்றார். எதிரியின் உணவுக் கிடங்குக்குள் புகுந்து வெடி வைத்துவிட்டு ஓடி வரும் மிஷன் அது. காவலாளிகள் அத்தனை பேரையும் கச்சிதமாகத் தீர்த்துவிட்டு உள்ளே போனார். வெடி வைக்கவில்லை. வாசலுக்கு வந்து, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டார். பட்டாளத்தில் அவருக்கு இருபது வருஷமும் ரேஷன் டிப்போ காவல்தானாம். அரை மணி முடிந்து நான் தோளைத் தொட்டதும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா, ஒருத்தன் உள்ள வரலை."

காயம்பட்டவர்

பலகையில் அந்த மிஷனை எழுதியது என் தவறு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். காலில் அடிபட்ட ஒரு வீரனைக் காட்டுக்குள்ளிருந்து ஆற்றங்கரை வரை கூட்டிக்கொண்டு வர வேண்டும். யார் ஆடினாலும் பாதி வழியில் தோல்வி என்று எழுதி வரும். பாதி வழி வந்த கணக்கை வைத்து அரை மணிக்குள் முடியும் என்று எழுதிய நானே ஒன்பது தடவை தோற்றேன். சி.டி.யில் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

கிராம நர்ஸ் தனலட்சுமி அக்கா மாத ரிப்போர்ட் அடிக்க வருவார். குண்டனி நாட்டில் ரோடு போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போகிறவர். ரோட்டுக்குக் கொண்டுவர முடியாத நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வரும்போது கூடவே நடந்து வருகிறவர். ஒருநாள் பிரிண்டர் மக்கர் செய்ய, சும்மா இருக்கும் நேரத்துக்கு அந்த மிஷனைப் போடச் சொன்னார். கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டுங்க, போடுங்க" என்றார்.

அவர் சுடவே இல்லை. பத்தடி நடப்பார், நிற்பார், திரும்பி அந்த வீரன் நொண்டி நொண்டி வந்து சேரும்வரை பார்ப்பார், பிறகு அடுத்த பத்தடி. மேட்டில் இன்னும் மெதுவாக. குண்டு வந்தால் அவனுக்கும் குண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொள்வார். இருபத்தாறு நிமிஷத்தில் ஆற்றங்கரை வந்துவிட்டது. அந்த மிஷனை முடித்த முதல் ஆள் அவர்தான். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. சி.டி.யில் ஒரு கோளாறும் இல்லை, ஆடிய எங்களிடம்தான் இருந்தது. அக்கா ரிப்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை பேரு ஆடுனீங்களே, ஒருத்தராச்சும் அவன் வாரானான்னு திரும்பிப் பாத்தீங்களா?"

டாங்கி

காளியப்பன் அண்ணனுக்கு வாழவந்தி நாட்டில் குச்சிக்கிழங்குக் காடு. காட்டுப்பன்னி தோண்டி எறிந்துவிட்டுப் போகிறது என்ற கவலை. பட்டாசு வெடித்தார், தகரம் தட்டினார், பன்னி காதில் வாங்கவில்லை. சந்தைக்கு வந்தவர் என் கடைச் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஒவ்வொண்ணாப் போடுங்க பாய், எனக்குப் படம் வேண்டாம்" என்றார்.

சத்தத்துக்காக மிஷன் கேட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பனி மிஷன் காற்றுச் சத்தம், உதவாது. டிப்போவில் ஒரே ஒரு வெடி, அதுவும் கடைசியில். டாங்கி போட்டதும் கண்ணைத் திறந்தார். கடகடவென்று வந்து, நின்று, திரும்பி, டமார் என்று ஒன்று. "இது, இது!" என்றார். டேப் ரிக்கார்டரை ஸ்பீக்கர் முன்னால் வைத்து ஒரு கேசட் முழுக்கப் பிடித்து, ராத்திரி காட்டில் போட்டுவிடக் கொடுத்தேன். அடுத்த சந்தைக்குப் பலாப்பழத்தோடு வந்தார். சந்தோஷம் ஒரு பக்கம், யோசனை ஒரு பக்கம். "எட்டு நாளாப் பன்னி எட்டிப் பாக்கலீங்க. அது பழகிக்கறதுக்குள்ள அடுத்த பாகம் வந்துருமுங்களா?"

அடிமூட்டை

அதே வாரம் பாவாயக்கா வந்தார். உட்காரவில்லை.

"காளியப்பன் காட்டுல டாங்கி ஓடுனா, பன்னி எங்கீங்க பாய் போகும்? பக்கத்துல எங்காடுதானுங்க இருக்குது. பாதிக் கிழங்கு போச்சு. ஊருல ஒருத்தரு புகாருன்னு சொன்னாச் சாவின்னு பேசுனோம். அந்த ஒருத்தரு நாந்தேன்."

தப்பு என்னுடையதுதான், சத்தம் கொடுத்தவன் நான். சாவியை மேசையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அத்தாவின் சிரிப்பு அப்போதே கேட்டது. அக்காவோ கையை நீட்டவில்லை. "வாங்கறதுக்கு முன்ன, அப்படி என்ன சத்தந்தான்னு நானும் கேக்கோணும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது, அதாவது கெட்டுப்போனது. இருப்பதிலேயே சாதுவான மிஷனைப் போட்டேன். எதிரியே கிடையாது. பயிற்சி மைதானத்தில் ஒரு அதிகாரி, துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுப்பார். மரப்பலகையைச் சுட்டால் போதும். வாசல் கரும்பலகையில் நான் எழுதாமல் விட்ட மிஷன், அவ்வளவு சலிப்பு.

அக்கா ஒரு நிமிஷம்தான் கேட்டார். "பாய், உங்கத்தா மண்டிக்கு இருவது வருசமா மொளகு போடறவ நான். மூட்டை வாயில நல்ல மொளகை வெச்சு, அடியில ஒண்ணுமில்லாத பொக்கைத் தள்ளறது எனக்குத் தெரியாதுங்களா? அடிமூட்டையக் காட்டுங்க." எனக்கு முகம் சுருங்கிப்போனது. மறைக்காமல் எல்லாவற்றையும் போட்டேன். கடற்கரையைக் கேட்டு, "மாரியாத்தா நோம்பி வேட்டு, எங்கூருப் பன்னி கேக்காததா" என்றார். டாங்கியைக் கேட்டு, "லாரி மேடு ஏறுது" என்றார். சாவி இன்னும் என் கையிலேயே இருந்தது. எல்லாம் முடிந்து, அவர் எழுந்திருப்பார் என்று நான் நினைத்தபோது, "மொதல்ல போட்டீங்களே, அதை மறுக்காப் போடுங்க" என்றார்.

போட்டேன். நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை, தொடக்கூடாது என்று அக்கா உத்தரவு. சொன்ன வேலையைச் செய்யாமல் மரம் மாதிரி நிற்கிறவனைப் பார்த்து அந்த அதிகாரி இங்கிலீஷில் கத்த ஆரம்பித்தார். சொன்னதையே சொல்லி, குரலை ஏற்றி ஏற்றித் திட்டினார். எத்தனையோ தடவை கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட கத்தல்தான், அதில் ஒரு பயன் இருப்பது என் மண்டையில் ஏறியதே இல்லை. அக்காவோ, ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்குப் பயம் போய் பிரமிப்பு வந்துவிட்டது. கேட்டு முடித்து எழுந்து, என் கையிலிருந்த சாவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேட்டு எதுவும் பழகிப்போகுமுங்க. நிக்காம வையறது மட்டும் பழகவே பழகாது, எங்க மாமியா இருந்த வரைக்கும் நான் பழகலீங்க. இதையே கேசட்டுல புடிச்சுக் குடுங்க, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

மீதியிருந்த பாதிக் கிழங்கும் பத்திரமாக லாரி ஏறியது. அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வருஷம் அந்தக் கடையை நடத்தி, பாகம் பாகமாக, ஆளுக்கு ஏற்றபடி மிஷன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான் என்று இன்றும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன், நான் கொடுத்த ஒரு மிஷனையாவது நான் நினைத்த காரணத்துக்காக ஆடியவர் கொல்லிமலையில் ஒருவர்கூட இல்லை என்றாலும்.