ஆறு குழிகளும் ஒரு சுங்கானும்

இலங்கையில், புசல்லாவையில் நாங்கள் இருந்த கோப்பித் தோட்டத்தில், வாந்திபேதியில் செத்தவர்களுக்குக் குழி வெட்டவென்றே ஒருவர் இருந்தார். நெடிய ஆள், விரல் நகங்களில் எப்போதும் செம்மண். வெட்டி முடித்த பிறகுதான் மேலே ஏறி உட்கார்ந்து சுங்கானைப் பற்றவைப்பார். அந்தப் புகையிலை வாசம் நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் இறங்கி வரும். இதமான வாசம்தான். ஆனால் அது மூக்கில் ஏறினாலே, தோட்டத்துக்கு நடந்து வந்தபோது வாந்திபேதியில் செத்து, மாத்தளைப் பாதையில் நாங்கள் புதைத்துவிட்டு வந்த அக்காவின் முகம் எனக்கு நினைவுக்கு வரும்.

ஒருநாள் விடிந்ததுமே அந்த வாசம் வந்தது. லயத்தில் அன்று யாருக்கும் நோயில்லை. போய்ப் பார்த்தேன். ஆறு புதுக் குழிகளின் பக்கத்தில் அவர் புகைத்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குண்ணே இதெல்லாம்?”

“யாருன்னு தெரியாது தம்பி. மாத்தளைப் பக்கமிருந்து இன்னைக்குப் புது ஆளுங்க வாராங்க. வழியில பேதி தொத்திக்கிட்டுத்தான் வருவாங்களாம், முன்னாலயே வெட்டி வைக்கச் சொல்லிட்டாரு தொரை.”

சற்று நேரத்தில் அவர்கள் வந்தார்கள். மூட்டையோடு முன்னால் வந்த பெரியவர் நின்று மூச்சை இழுத்தார்.

“பொகையில நல்ல வாசமா இருக்கே,” என்றார்.

குழி வெட்டுபவர் எழுந்து போய்ச் சுங்கானை அவரிடம் நீட்டினார். அதற்கு முன் அதை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.