மூன்று சாவிக் கார்

கொட்டும் மழையில் நின்றபடி கார்க் கதவைத் திறக்க முயன்றிருக்கிறீர்களா? அதுவும் கையில் மூன்று சாவி இருந்து, மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தால்? சென்ற மாதம் மாசாய் சந்தைக்கு வெளியே எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. ஒரு கையில் மீன் பை, மறு கையில் சாவிக்கொத்து. முதல் சாவி நுழையவே இல்லை. இரண்டாவது நுழைந்தது, ஆனால் திரும்ப மறுத்தது. மூன்றாவதைத் தேடுவதற்குள் பை கிழிந்து, மீனெல்லாம் மழைத் தண்ணீரோடு சாக்கடைப் பக்கம் புறப்பட்டுவிட்டன. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் நிறுத்தி, காரைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டி, "கிளாசிக் லா பாஸ்!" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொன்னான். எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது.

அப்பா விட்டுப்போன கார் அது. ஜப்பான்காரன் செய்தது, தந்த நிறம், என்னைவிட மூத்தது. அப்பா வாங்கியபோது எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான். பிறகு எவனோ ஒரு திருடன் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கிண்டி ஓட்டுநர் பக்கக் கதவின் பூட்டைக் கெடுத்தான். அப்பா பழைய இரும்புக் கடையில் வேறொரு பூட்டு வாங்கி மாட்டினார், அதற்கு ஒரு சாவி. ஸ்டார்ட் பண்ணும் பூட்டு தேய்ந்துவிட்டது என்று அதையும் ஒருமுறை மாற்றினார், அதற்கு இன்னொரு சாவி. இடப்பக்கக் கதவு மட்டும் அசல் பூட்டோடு, அசல் சாவியோடு தங்கிவிட்டது. அப்படித்தான் மூன்று சாவிக் காருக்கு நான் வாரிசானேன்.

எல்லாவற்றையும் ஒரே சாவிக்கு மாற்றிவிடுவது என்று மீன் போன அன்றே முடிவு செய்தேன். பூட்டுக் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிமோட் சாவின்னா செஞ்சு தருவேன். இதுக்கெல்லாம் சாமான் இல்ல லா, அங்கிள்," என்றான். சாமான் இல்லை என்றதைவிட அங்கிள் என்றதுதான் சுட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு அழுதேன். "வித்துத் தொலைண்ணே," என்று வைத்துவிட்டாள்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். நான் ஆபீஸில் நாற்காலியைத் தேய்க்கிற ஆள். வீட்டில் பல்பு மாற்றினாலே ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் போனில் வீடியோ பார்த்தபோது வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. பூட்டின் உள்ளே விரல் பருமனில் ஓர் உருளை. அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவியை நுழைத்தால் தகடுகள் எல்லாம் உள்ளே அடங்கிக்கொள்ளும், உருளை திரும்பும். தவறான சாவி என்றால் ஏதோ ஒரு தகடு நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கும். தகடுகளை இடம் மாற்றி அடுக்கினால் பூட்டு வேறு சாவிக்குப் பழகிவிடும். அப்பா வைத்திருந்த ஸ்டார்ட் சாவிக்கே இரண்டு கதவுகளையும் பழக்குவது என் திட்டம்.

வீடியோக்காரன் சொல்லாமல் விட்டது, அந்த ஸ்பிரிங்குகள் கொசுவின் கால் அளவுதான் இருக்கும், மூச்சுவிட்டால் பறக்கும் என்பதை. முதலாவது ஐஸ்பெட்டிக்கு அடியில் போனது. இரண்டாவது அம்மாவின் காபிக்குள் விழுந்தது. "ஏன்டா, குடிக்கிறதுக்கு முன்ன சொல்லக் கூடாதா?" என்று அம்மா கரண்டியால் துழாவி எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க எதிரில் உட்கார்ந்து, எனக்குப் போனில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றியபோதுதான் அந்த வாசனை அடித்தது. வெயிலில் வெந்த பிளாஸ்டிக் சீட், பழைய ஸ்பாஞ்ச், கொஞ்சம் எண்ணெய். உடனே எனக்குப் பெரியம்மாவின் ஊரான லாயாங் லாயாங் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போவார். கார் வீட்டிலேயே நிற்கும். கல்யாணத்துக்கு முன்பே அம்மா லைசன்ஸ் எடுத்திருந்தாள், அதுவும் முதல் தடவையிலேயே. அப்பா பல தடவை எழுதினார் என்பது வீட்டில் யாரும் பேசாத விஷயம். ஒருநாள் லாயாங் லாயாங்கில் இருந்த பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அம்மா தன் சாவியை எடுத்தாள். என்னையும் தங்கையையும் பின்னால் உட்கார வைத்தாள். கார் எங்கள் குடியிருப்பான தாமானைத் தாண்டி, கூலாயைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடியது. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு அம்மா சத்தமாகப் பாடினாள். அம்மாவுக்குப் பாடத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்! ரயில் கேட் மூடியிருந்தபோது இஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, காரின் மேல் சாய்ந்துகொண்டு சரக்கு ரயிலின் பெட்டிகளை எங்களோடு சேர்ந்து எண்ணினாள். எண்ணிக்கையில் தங்கைக்கும் எனக்கும் சண்டை வந்தது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் எண்ணைச் சொல்லி முடித்து வைத்தாள்.

சாயங்காலம் திரும்பியபோது அப்பா வாசலில், கார் நிற்கும் இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். அந்த வாரக் கடைசியில்தான் ஸ்டார்ட் பூட்டை மாற்றினார். "தேய்ஞ்சு போச்சு. நடு ரோட்டுல நின்னுடும்," என்றார். புதிய பூட்டுக்கு ஒரு சாவிதான் வந்தது. அது அவர் பாக்கெட்டுக்குப் போனது. அம்மாவின் பழைய சாவி அவளிடமே இருந்தது. இடப்பக்கக் கதவைத் திறக்கலாம், மழை வந்தால் கண்ணாடியை ஏற்றலாம், மளிகைப் பையை வைக்கலாம். பூட்டு தேய்ந்தது என்றுதான் நானும் இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

மேசைக்கு வருகிறேன். ஓட்டுநர் கதவுக்கு ஒரு தகடு குறைந்தது. தேடித் தேடிக் கோபம் தலைக்கேறி, சாமானை எல்லாம் பையில் வாரிக் குப்பையில் போடப் போனேன். அம்மா மெதுவாக, "அப்பா டூல் பெட்டியில பழைய பூட்டு ஒண்ணு கெடக்கும். அதுல எடுத்துக்கயேன்," என்றாள்.

அப்பா வளைந்த ஆணியைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். பெட்டியின் அடியில், துணியில் சுற்றி, அந்த ஸ்டார்ட் பூட்டு இருந்தது. தகடுகள் சிதறாமல் எடுக்க வேண்டுமென்றால் உள்ளே அதற்குரிய சாவி இருக்க வேண்டும். அம்மா பர்ஸிலிருந்து தன் சாவியை எடுத்து நீட்டினாள். நுழைத்தேன். திருப்பினேன்.

வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பியது. மறுபடி திருப்பினேன். ஆட்டமில்லை, பிடிப்பில்லை. தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓரங்கள்கூட மழுங்கவில்லை.

"அம்மா, இது தேயவே இல்லம்மா!"

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"கழட்டுனப்பவே. உள்ள இருட்டா இருக்குன்னு சொன்னாரு. நான்தான் டார்ச் புடிச்சேன்."

அவள் கையில் அப்போதும் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்பா மேல் வந்தது. ஆனால் அவர்தான் போய்விட்டாரே. ஏன் கேட்கவில்லை என்று அம்மா மேல் வந்தது. கேட்டும் விட்டேன்.

"என்னான்னு கேக்குறது? அவரும் ஓட்டாதேன்னு சொல்லல. சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்," என்றாள். பிறகு டார்ச்சை அணைத்தாள்.

திட்டத்தை மாற்றினேன். அப்பாவின் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி வைத்தேன். பழைய ஸ்டார்ட் பூட்டை அதன் இடத்திலேயே திரும்ப மாட்டினேன். குறைந்த தகட்டைக் கழற்றிய அப்பாவின் பூட்டிலிருந்து எடுத்து, ஓட்டுநர் கதவின் தகடுகளை அம்மாவின் சாவிக்கு அடுக்கினேன். அடங்காமல் துருத்திய ஒன்றை அரம் வைத்துத் தேய்த்தேன். விரலில் இரண்டு இடத்தில் தோல் போயிற்று. மதியச் சாப்பாட்டை மறந்து, அடுக்கிப் பிரித்து, பிரித்து அடுக்கி, ஒருவழியாக அந்தக் கதவும் அவள் சாவிக்கும், அதன் ஜோடியாக என் கொத்தில் இருந்த அசல் சாவிக்கும் திறந்தது.

அம்மாவை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினாள். கார் இருமிவிட்டுக் கிளம்பியது. இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் முன்னால் இருக்கிற சுவரைப் பார்த்தாள். பிறகு அணைத்துவிட்டாள்.

"ஒரு ரவுண்டு போம்மா. தாமானுக்குள்ளதானே."

"லைசன்ஸ் செத்துப்போய் எவ்ளோ வருசமாச்சு. கண்ணுல வேற பொறை வுழுந்திருக்கு. எதையாவது இடிச்சு வைக்கவா?"

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவளை லாயாங் லாயாங்குக்கு நானே கூட்டிப் போனேன். பெரியம்மா இல்லை, அவள் வீடும் இல்லை. நாங்கள் காத்து நின்ற ரயில் கேட் இல்லை. கம்பி வேலிக்கு உள்ளே மின்சாரத் தண்டவாளம் ஓடுகிறது. நாங்கள் நின்ற இடம் எது என்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் காட்டினோம். பாடிக்கொண்டே அங்கே வண்டி ஓட்டி வந்த பெண்ணை நானும் தங்கையும் தவிர இப்போது யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது செம்பனைத் தோட்டத்துக்குள் ஆளில்லாத செம்மண் பாதை ஒன்றில் காரை நிறுத்தினேன். இறங்கி, ஓட்டுநர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "இங்க இடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா, வா," என்றேன். அம்மாவும் இறங்கினாள். பாதையின் நீளத்தை நன்றாகப் பார்த்தாள். பழக்கத்தில் குமிழை அழுத்தி அவள் மூடியதில் இடப்பக்கக் கதவு பூட்டிக்கொண்டது. பர்ஸைத் திறந்து, சாவியை எடுத்து, அதே இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"ஓட்டு லா," என்றாள். "வெயில் ஏறுது."