இணைப்பு: ஒரு கைக்குட்டை

என் பீரோவில் ஒரு கைக்குட்டை இருக்கிறது. வெள்ளைத் துணி, மூக்கும் வாயும் பட்ட இடத்தில் மட்டும் கரிச்சட்டியைத் துடைத்ததுபோல் கறுப்பு. ஓரத்தில் குண்டூசி குத்திய இரண்டு ஓட்டைகள். குத்தியவள் நான்தான். பிடுங்கியவளும் நான்தான்.

அது போக்குவரத்து ஹவில்தாருடையது. எங்கள் தீவில் ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டிக்குத் திரும்பும் முனையில் நாள் முழுக்க நிற்பார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து சேர்ந்த குடும்பம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கப்பலுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிகள் அவர் மூக்குக்கு நேரே எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் உறுமிக்கொண்டு நிற்கும். ஊர்க் குப்பையோடு ஊர்க் காற்றையும் புதிதாகத் தலையில் கட்டிக்கொண்டிருந்த எங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு ஒருநாள் மனுவோடு வந்தார். நாலு படி ஏறியதற்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “பெருசா ஒண்ணும் கேக்கல தங்கச்சி. நிக்கிற லாரியெல்லாம் எஞ்சின பந்த் பண்ணணும்னு ஒரு ஆர்டர், அவ்வளவுதான். வாயால சொன்னா சிரிக்கிறானுங்க. காயிதம் இருந்தா கேப்பானுங்க” என்றார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். “காலையில வெள்ளையா மூஞ்சியில கட்டுனது. இதையும் சாப்கிட்ட காட்டுங்க.” அதை மனுவோடு சேர்த்துக் குத்தி, பதிவேட்டில் ‘இணைப்பு: ஒன்று’ என்று எழுதி உள்ளே அனுப்பினேன்.

எங்கள் அதிகாரி சாப் இருக்கிறாரே, அப்படியொரு மேதையை மெயின்லேண்ட் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மனுவை முதல் வரிக்கு மேல் படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அழுக்குத் துணியைக் கண்டார். அழுக்குக்கு வழி செய்தார். துப்புரவு ஸ்டோரிலிருந்து ஹவில்தாருக்கு இரண்டு துணி சோப்பு வழங்க உத்தரவு! பதிவேட்டில் ‘பொருள்: சோப்பு’ என்றும் ‘இணைப்பு: இல்லை’ என்றும் திருத்தச் சொன்னார். “அரே, இதத் தூக்கி எறிங்க” என்று கைக்குட்டையைப் பேனா முனையால் தள்ளினார். திருத்தினேன். எறிய மட்டும் மனம் வரவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஹவில்தார் கையெழுத்துப் போட்டுச் சோப்பை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

காற்றை அளக்கும் கருவி வந்தபோது சாப்பின் மூளை இன்னும் பிரகாசித்தது. ஜெட்டி முனையில் வைத்தால் புகை பட்டுக் கருவி கெட்டுவிடுமாம்! மின்னி பே கரையில் கடலைப் பார்த்து நட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள், சமோசா தின்றார்கள், காற்று சுத்தம் என்று கருவி காட்டியதும் கைதட்டினார்கள். தூ! கடற்காற்றுக்குக்கூடப் பாராட்டு வாங்கிக்கொள்கிற கூட்டம்.

இரண்டு மழைக்காலம் போனது. ஹவில்தாரால் நிற்க முடியவில்லை. வேலையில் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டால் அரசுச் செலவில் மெயின்லேண்டில் வைத்தியம் பார்க்கலாம். அவர் முன்பே புகையைப் பற்றி முறையிட்டதுண்டா என்று போலீஸ் அலுவலகத்திலிருந்து எங்களிடம் எழுதிக் கேட்டார்கள். முடிந்த கோப்பு என்று மனுவை எப்போதோ கிழித்தாயிற்று, பதிவேடுதான் மிச்சம். அதில் என் கையெழுத்தில் சோப்பு இருந்தது. ‘முறையீடு ஏதும் இல்லை’ என்று பதிலை டைப் செய்ததும் நான்தான்.

பதில் போவதற்கு முன்பே அவர் மனைவி வந்தார். “அவரு ஒரு கைக்குட்ட குடுத்தாராமே தங்கச்சி. அது இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.” கைக்குட்டை கிடந்த கைப்பை என் மடியில்தான் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாப் உட்கார்ந்திருந்தார். எதிர்த்துப் பேசிய ஒருவரை அவர் கார் நிக்கோபாருக்குத் தூக்கியடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“இல்லக்கா” என்றேன்.

ஹவில்தார் மெயின்லேண்டுக்குப் போகவேயில்லை. அடுத்த மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். ஜெட்டி முனையில் வேறொரு ஆள் நின்றார்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். லாரிகள் இன்னும் அங்கே உறுமிக்கொண்டுதான் நிற்கின்றன. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் சாப்பை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனால் அந்தக் கைக்குட்டை குப்பைக்குப் போய்விட்டதென்றுதான் அந்த மடையன் நம்பிக்கொண்டிருந்தான். இருக்கிறதென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.